சாச்சாவின் போனில் நாலு மணி

றலியா மாமியை ஜாவத்தை மையவாடியில் அடக்கிவிட்டு, ஆண்களெல்லாம் வெள்ளவத்தைக்குத் திரும்பி, சோறும் தின்று கையும் துடைத்த பிறகுதான் ஷாமில் சாச்சா வந்து இறங்கினார். சொந்த ராத்தாவின், கூடப்பிறந்த அக்காவின் மையத்துக்கு! கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் என்ன, கடலா கிடக்கிறது? வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக திரிவீலை விட்டு இறங்கியவர், வாசலில் வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த சிங்களப் பையனைப் பார்த்துத் திகைத்து நின்றார். அவன்தான் அவருக்குச் செய்தி சொன்னான். "இவரய் மஹத்தயா," என்றான். எல்லாம் முடிந்துவிட்டது என்று.

றிப்னா மேல்மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மவுத்தானது அவளுடைய வாப்பா அஷ்ரப்புக்கும் ஷாமில் சாச்சாவுக்கும் மூத்தவளான றலியா மாமி. தாய் போன பிறகு சாச்சாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, மத்ரஸாவுக்கு அனுப்பி ஆளாக்கியது அந்த மாமிதான். கல்யாணம் முடித்தும் பிள்ளையில்லாமல், மாப்பிள்ளையையும் பறிகொடுத்து, கொட்டாஞ்சேனையில் சாச்சாவோடேயே இருந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரி கிட்ட என்று சொல்லி வாப்பா அவளை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் பார்க்கல்லன்டு ஊருக்குக் காட்டத்தானே கொண்டுபோற?" என்று சாச்சா கத்தினார். "இனி ஒங்கட வாசல மிதிச்சா நான் என்ட வாப்பாக்குப் பொறக்கல்ல," என்றும் சொல்லிவிட்டார். அன்றைக்கு நின்ற பேச்சுத்தான், வருஷக்கணக்காகிறது. மாமியைப் பார்க்க சாச்சா, வாப்பா தொழப் பள்ளிக்குப் போகிற நேரம் பார்த்து வருவார், தெருவில் நின்று கூப்பிட்டு அவளை ஜன்னலோரம் உட்காரவைக்கச் சொல்லிக் கதைத்துவிட்டுப் போவார். வாசல் ஏற மாட்டார். அப்படியொரு வீம்பு.

அந்த வாசலை அன்றைக்கு ஏறினார். ஏறி, உள்ளே நின்ற சனத்துக்கு நடுவில் தன் அண்ணனை, வாப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் காக்கா, என்னய அவட மொகத்தப் பார்க்கவும் உடல்லயே?"

வாப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. "பத்தரைக்கு எடுக்கிறன்டு போட்டதுதானே. எல்லாரும் வந்தாங்க. நீதான் வரல்ல," என்றார்.

"பத்தரையா? நான் என்ட கண்ணால பார்த்த. நாலு மணின்டு போட்டீந்திச்சி. எனக்கு மட்டும் நாலு மணி!"

"ஒனக்கு மட்டும் எப்பிடிடா வேற போடுற? ஒரே லிங்க்தானே எல்லாருக்கும் போன."

"நான் பார்த்த பொறகு மாத்தீப்பீங்க. மகள்ட கம்பனிதானே அது. ஏலாதா?"

பெரியவர் ஒருவர் சாச்சாவின் தோளில் கை வைத்து, "சபுர் செய்ங்க, பொறுங்க, நேரத்த மாறிப் பார்த்தீப்பீங்க," என்றார். சாச்சா அந்தக் கையைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். போகிற போக்கில் வாசலில் நின்று, குழந்தையைப் போல வாய்விட்டு அழுதார். முதலில் இருந்தே வந்து உட்கார்ந்திருக்கலாமே என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசலில் நாள் முழுக்கக் குந்தியிருக்க அந்த மனிதருக்கு வெட்கம். எடுக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து, முகத்தைப் பார்த்து, சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வாங்கலாம் என்று நினைத்திருந்தார். வீட்டில் புத்தி சொல்ல சாச்சியும் இல்லை. மகளின் பிள்ளைப்பேறுக்குக் காலிக்குப் போயிருந்தாள். மற்றச் சொந்தக்காரர்களும், எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். போயிருக்கும்தானே என்று இருந்துவிட்டார்கள்.

அந்த எஸ்.எம்.எஸ்ஸைப் போட்டவள் றிப்னா. விடிய, ஸுபஹோடு மாமி கண்ணை மூடியதும், வாப்பா அவளைப் பார்த்து, "ஒங்கட அந்த வெப்சைட்ல போடு மகள், எல்லாருக்கும் ஒரேயடியாப் போகட்டும்," என்றார். வெள்ளவத்தையில் அவள் வேலை செய்கிற சின்னக் கம்பனி செய்த தளம் அது. எந்த மதத்து மரணமென்றாலும் அதில் அறிவித்தல் போடலாம். பெயரையும் எடுக்கிற நேரத்தையும் பதிந்து, உறவினர்களின் நம்பர்களைக் கொடுத்தால், எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி போகும். செய்தியில் பெயரும் ஒரு லிங்கும் மட்டும்தான் இருக்கும். மிச்சமெல்லாம் லிங்கைத் தொட்டால் வரும். வாப்பாவின் நம்பரோடு சாச்சாவின் நம்பரையும் அவள்தான் போட்டாள். "சாச்சாவுக்கு ஒரு கோலும் எடுங்களேன் வாப்பா," என்று கேட்டுப் பார்த்தாள். "மெசேஜ் போச்சுதானே," என்றார் வாப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "நான் எடுத்து, அவன் கட் பண்ணிட்டா? இன்டைக்கு அத தாங்க எனக்கு ஏலாது," என்றார்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்து அவள் வேலைக்குப் போனாள். காலி வீதியில் பஸ் நகராமல் நின்றது. அவளுடைய மண்டைக்குள் ஒரே கேள்விதான். ஏன் நாலு? பத்தரையை மாறிப் பார்க்கிறவன் பத்து என்பான், பன்னிரண்டரை என்பான். நாலு எங்கேயிருந்து வந்தது? விரலை மடக்கி எண்ணினாள். பத்தரையிலிருந்து நாலு வரைக்கும் ஐந்தரை மணித்தியாலம். உலகப் பொது நேரத்துக்கும் இலங்கை நேரத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே ஐந்தரை மணித்தியாலம்தான். யா அல்லாஹ்! இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி, நடையும் ஓட்டமுமாகப் போனாள்.

றிப்னாவின் வேலையைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். "கம்ப்யூட்டர்ல பிழை புடிக்கிற" என்று வாப்பா ஊருக்குச் சொல்லுவார். அது சரிதான். ஒரு வெப்சைட்டைச் செய்து முடித்தால், செய்தவனின் கணினியில் அது மாப்பிள்ளை மாதிரி இருக்கும். விண்டோஸில் ஒரு மாதிரி, மேக்கில் ஒரு மாதிரி, குரோமில் சரி, ஃபயர்பொக்ஸில் கோணல், சஃபாரியில் பட்டனே காணாமல் போயிருக்கும். போன்கள் என்றால் கேட்கவே வேண்டாம், பழசு ஒரு பாஷை பேசும், புதுசு ஒரு பாஷை பேசும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இது சரி, இது பிழை என்று பதிவதுதான் அவள் வேலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தத் தொழிலில் அந்தப் பழமொழி விஷம். ஒவ்வொரு சோறாக நசுக்கிப் பார்க்கத்தான் சம்பளம் தருகிறார்கள்.

அவள் ஒரு சோற்றை நசுக்காமல் விட்டிருந்தாள். சோதனைக்கு வைத்திருந்த பழைய ஐபோனின் பட்டரி வீங்கி மூடி கிளம்பியிருந்ததால், அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, புது ஐபோனில் மட்டும் பார்த்தாள். புதியதில் எல்லாம் சரி. அப்பிளும் அப்பிளும்தானே என்று, பழையதற்கும் 'சரி' என்றே பதிந்துவிட்டாள். அந்த வாரம் நோன்பு, வேலையும் தலைக்கு மேல். காரணம் ஆயிரம் சொல்லலாம். காரணம் சொன்னால் மாமியின் முகம் திரும்பி வருமா?

சாச்சாவின் கையில் இருப்பதும் அந்த மாதிரிப் பழைய ஐபோன்தான். லாச்சியிலிருந்து அந்தப் போனை எடுத்து, பயந்து பயந்து சார்ஜில் போட்டாள். உயிர் வந்ததும் மாமியின் அறிவித்தலைத் திறந்தாள். 'ஜனாஸா எடுக்கும் நேரம்: மாலை 4.00' என்று இருந்தது. பக்கத்தில் புதுப் போனைத் திறந்து வைத்தாள். அதில் முற்பகல் 10.30. இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு லவனிடம் போனாள்.

தளத்தை எழுதியவன் லவன். யாழ்ப்பாணத்துப் பையன், கெட்டிக்காரன். பார்த்தவுடனேயே விளங்கிக்கொண்டான். "நேரத்தை அனுப்பேக்க, இது எந்த நாட்டு நேரமெண்டு நான் சொல்லேல்லை. புது போனெல்லாம் உள்ளூர் நேரமெண்டு எடுக்குது. இந்தப் பழசு உலகப் பொது நேரமெண்டு நினைச்சு, அஞ்சரை மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டுது," என்றான். குரல் இறங்கியிருந்தது. "பிழை என்ரதும்தான் றிப்னா. இண்டைக்கு ஆறு மணிக்கு முன்னம் திருத்திப் போட்டிடுவன்."

முதலாளி சிவானந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனிதரல்ல, பயந்த மனிதர். "பிள்ளை, திருத்துவம். ஆனா வெளியில கதைக்காதேங்கோ. செத்த வீட்டு விசயம், சனம் எங்களைக் கிழிச்சுப் போடும்."

"சேர், என்ட சாச்சாக்கு நான் சொல்லியாகணும். அவரு வாப்பாவ சந்தேகப்படுறாரு."

"சொன்னா உங்கட பேரும்தானே பிள்ளை கெடும்?"

"கெடட்டும் சேர்."

லவன் திரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், இப்பிடிப் பழைய போனில திறந்தது அவவின்ர சாச்சா மட்டுமில்லை," என்றான். சிவானந்தன் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு, "சரி. அந்த ஆக்களுக்கு நானே கடிதம் எழுதிறன். நீங்க போயிட்டு வாங்கோ பிள்ளை," என்றார்.

"போறதெண்டா இப்பவே போங்கோ," என்றான் லவன். "நான் திருத்தினாப் பிறகு அவரின்ர போனிலயும் பத்தரை எண்டுதான் காட்டும். பிறகு நீங்க தலைகீழா நிண்டாலும் அந்த நாலு மணியை ஆருக்கும் காட்டேலாது."

வழியில் வாப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "நீ போய்ச் செல்லி அவன் நம்பவா போறான்?" என்றார் அவர். "மகள அனுப்பி சப்பைக்கட்டு கட்டுறான்டு செல்லுவான். வாணாம், உடு." அவள் விடவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று எப்படி விடுவது? பாவம் அவளுடையது. பழியைச் சுமந்துகொண்டு மூன்று நாளாக ஒழுங்காகச் சோறு தின்னாமல் இருப்பது வாப்பா.

கொட்டாஞ்சேனையில் சாச்சாவின் வீடு ஒடுங்கிய சந்துக்குள் இருந்தது. காலியிலிருந்து வந்திருந்த றிஸ்லா சாச்சிதான் கதவைத் திறந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். சாச்சா முன்னறையில் தாடி மழிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஸலாத்துக்குப் பதில் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்கட வாப்பா அனுப்பினாரா?"

"இல்ல சாச்சா. போக வாணாம்டு சென்னாரு. நான்தான் வந்த."

எல்லாவற்றையும் சொன்னாள். பழைய போன், வீங்கிய பட்டரி, பார்க்காமலே சரி என்று பதிந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. சாச்சாவின் போனை வாங்கி மாமியின் அறிவித்தலைத் திறந்தாள். நாலு மணி. தன் போனில் திறந்தாள். பத்தரை. இரண்டையும் அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

சாச்சா பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அழுகையை விட மோசமாக இருந்தது.

"நீங்க படிச்ச புள்ள. ஒரு போன்ல ஒரு மாதிரியும் மத்ததுல வேற மாதிரியும் காட்ட ஒங்களுக்குத் தெரியாதா மகள்? வாப்பாவக் காப்பாத்த வந்தீக்கிறீங்க. நல்ல புள்ள. நான் கோவிக்கல்ல. போய்ட்டு வாங்க."

"வல்லாஹி சாச்சா, நான் பொய் செல்லல்ல!"

"சத்தியம் செய்ய வாணாம்."

றிப்னாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். லவன் சொன்ன ஆறு மணிக்கு அதிக நேரம் இல்லை. "சரி, என்னய நம்ப வாணாம். நீங்களே ஒரு அறிவித்தல் எழுதுங்க. நீங்களே நேரத்தப் போடுங்க. நான் தொட மாட்டேன். பொறகு ரெண்டு போன்லயும் பாருங்க," என்றாள். அன்றைக்கு மாமிக்கு அறிவித்தல் போட்ட அதே வெப்சைட் கணக்கைத் தன் போனில் திறந்து அவர் கையில் கொடுத்தாள். "பேருக்கு சோதனைன்டு எழுதுங்க."

"அப்பிடி எழுதினா வேற மாதிரி வேல செய்ய வெச்சீப்பீங்க," என்ற சாச்சா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மவுத்தானவரின் பெயர் என்ற இடத்தில், முஹம்மது ஷாமில், கொட்டாஞ்சேனை என்று எழுதினார்.

தேத்தண்ணியோடு வந்த சாச்சி எட்டிப் பார்த்துவிட்டாள். "அஸ்தஃபிருல்லாஹ்! உசிரோட ஈக்கிற மனுசன் செய்ற வேலையா இது? அழிங்க, அழிங்க!"

"சும்மா இருங்க றிஸ்லா. மவுத்து எழுதினா வாரதா?" என்றார் சாச்சா. எடுக்கும் நேரத்துக்கு நாளைய திகதியும் முற்பகல் பத்தரையும் போட்டார்.

"சாச்சா, அந்தக் கடைசி பட்டன அமத்த வாணாம், முதல்ல நான் நம்பர்கள..." என்று றிப்னா சொல்லி முடிப்பதற்குள் அழுத்திவிட்டார். அவள் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. மாமிக்குப் போட்ட நம்பர்கள் அப்படியே அந்தக் கணக்கில் இருந்தன. இங்கே வருவதற்கு முன்னால் அவற்றை அழித்திருக்க வேண்டும். ஒரு பிழையைக் காட்ட வந்த அவசரத்தில் இன்னொரு பிழை! சாச்சாவின் பழைய போன் கிணுக்கென்றது. அவருக்கும் போயிருக்கிறது. அப்படியென்றால் எல்லோருக்கும் போயிருக்கிறது.

சாச்சா அதைக் கவனிக்கவில்லை. தன் போனில் வந்த லிங்கைத் தொட்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவர் கையாலேயே பத்தரை என்று போட்டது, அவர் போனில் மாலை 4.00 என்று இருந்தது. அவளுடைய போனைப் பார்த்தார். பத்தரை. மறுபடி தன்னுடையதைப் பார்த்தார்.

"அப்ப காக்கா..."

"வாப்பா சரியாத்தான் போட்டாரு. பிழை என்னோடது சாச்சா. நான் பார்த்தீந்தா நீங்க வந்தீப்பீங்க. மாமிட மொகத்தப் பார்த்தீப்பீங்க. என்னய மன்னிச்சிடுங்க."

சாச்சா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். "இத்தின நாளும் காக்கா செஞ்சதுன்டு நெனச்சிட்டு ஈந்த. அப்பிடி நெனைக்கேக்க ஆத்திரத்துல ஒரு மாதிரி தாங்கிட்டேன். இப்ப ஆரோட கோவிக்கிற நான்?" என்றார். சாச்சி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். றிப்னா அறிவித்தலை அழித்துக்கொண்டிருந்தாள். அழித்தென்ன, போன செய்தியைத் திருப்பி எடுக்க முடியுமா?

அப்போதுதான் சாச்சாவின் போன் அடித்தது. திரையில் 'காக்கா' என்று இருந்தது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் வைத்துக் கேட்கிற பகுதி எப்போதோ பழுதாகிவிட்டதால், அந்தப் போனில் எது பேசினாலும் வீடு முழுக்கக் கேட்கும். சாச்சி பக்கத்தில் வந்து பச்சைப் பட்டனைத் தொட்டாள்.

"தங்கச்சி!" வாப்பாவின் குரல். அவள் பிறந்ததிலிருந்து கேட்கிற குரல்தான், ஆனால் றிப்னாவுக்கு அது வாப்பா என்று தெரிய ஒரு கணம் பிடித்தது. சாச்சிதான் போனை எடுத்திருப்பாள் என்று நினைத்துப் பேசினார். பின்னால் திரிவீலின் இரைச்சலும் ஹோர்ன் சத்தமும் கேட்டன. "தங்கச்சி, நான் வந்துட்டு ஈக்கிறேன். இப்பத்தான் மெசேஜப் பார்த்துட்டு திரிவீல்ல ஏறின. எத்தின மணிக்கு எடுக்கிறீங்க? அந்த லிங்க்க நான் தொறக்கல்ல, எனக்கு அத நம்ப ஏலாது, நீங்க வாயால செல்லுங்க. நான் வார வரைக்கும் எடுக்க வாணாம். மத்தவங்க என்ன சென்னாலும் கேக்க வாணாம். நான் அவனோட கதைக்கல்ல தங்கச்சி, இத்தின வருஷமா ஒரு வார்த்த கதைக்கல்ல. என்ட தம்பிட மொகத்த நான் ஒருக்கா பார்க்கணும். வெச்சீங்க. எடுக்காம கொஞ்சம் வெச்சீங்க!"

றிப்னா ஏதோ சொல்ல முன்னே வந்தாள். சாச்சா கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"காக்கா," என்றார். "நான்தான். எனக்கு ஒண்டுமில்ல, நல்லா ஈக்கிறேன். நீங்க வாங்க. நீங்க வராம என்னய எடுக்க மாட்டாங்க."